காவலர்கள் மீதான விசாரணையும் பொதுஜன அபிப்பிராயமும்: அரசின் சமூகத்திற்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் நிர்வாகக் குழுவினர்,
வட்டாரச் சிறு வணிகர் சங்கம்,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

நகல்:
காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்கள், சென்னை.
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தூத்துக்குடி.

நாள்: 2024 ஜூன் 19

பொருள்: சாத்தான்குளம் தந்தை–மகன் வழக்கு – விசாரணைத் தாமதம் – சாட்சிகளின் பாதுகாப்பு – காவல் நிலையங்களில் அத்துமீறிய பலப்பிரயோகத்தைத் தடுத்தல் – கோருதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ஆம் தேதி மாலையில், ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட, தந்தையும் மகனுமாகிய கைபேசிக் கடை வணிகர்கள் இருவர், பின்னர் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, மகன் 22-ஆம் தேதி இரவிலும் தந்தை 23-ஆம் தேதி விடியற்காலையிலுமாக உயிர் நீத்தனர். அந்த நிகழ்ச்சி தொடங்கி இன்றோடு நான்கு ஆண்டுகள் நிறைவுறுகின்றன. வழக்கோ மதுரை முதலாவது கூடுதல் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் இன்னும் தீர்ப்பை எட்டாமல் நடந்து வருகிறது. இந்நிலையில், அவ்விருவரும் செய்துவந்த தொழிலையே ஜீவாதாரமாகக் கொண்ட நாங்கள், எங்கள் ஊர் மக்களின் மனநிலையையும், அதற்கு அரசு அளிக்க வேண்டிய விடை இன்னதென்று நாங்கள் கருதுவதையும் தங்கள் சமூகத்தில் பணிவோடு சமர்ப்பிக்கிறோம்.

அச்செய்தி பரவியபோது தமிழகத்தின் பல பகுதிகளிலும் வணிகர்கள் கடையடைப்புச் செய்தார்கள். அதே ஆண்டு மே 25-ஆம் தேதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்பவர் ஒரு காவலரின் முழங்காலின் கீழ் மூச்சிழந்து மாண்ட செய்தியை அப்போதுதான் படித்து மனம் பதைத்திருந்த ஜனங்கள், அத்தகைய அநியாயம் நம் பக்கத்து ஊரிலும் நிகழ்ந்துவிட்டதே என்று கலங்கினார்கள். குற்றம் சாட்டப்பட்ட காவலர்களை உடனே தூக்கிலிட வேண்டும் என்று தெருமுனையிலும் தேநீர்க் கடையிலும் அன்று எழுந்த குரலை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. அந்தக் குரலை எங்கள் கோரிக்கையாக ஏற்கவும் இல்லை. ஏனெனில், பொதுஜன அபிப்பிராயம் எந்நாளும் ஒரே திசையில் நிற்பதில்லை. 2019 டிசம்பர் 6-ஆம் தேதி, ஹைதராபாத் அருகே ஒரு பெண் மருத்துவரின் கொலைவழக்கில் பிடிபட்ட நால்வரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றபோது, இதே ஜனங்கள் காவலர்கள் மீது மலர் தூவிக் கொண்டாடினார்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையமோ அது தற்காப்புக்காக நிகழ்ந்ததன்று, வேண்டுமென்றே சுட்டதே என்று பின்னாளில் கண்டறிந்தது. ஓரிடத்தில் மலரும் மற்றோரிடத்தில் சாபமுமாக வெளிப்படும் உணர்ச்சி நீதிபதியின் ஆசனத்தில் அமர்தல் ஆகாது. ஆனால் அந்த உணர்ச்சி எதனால் பிறக்கிறது என்று ஆராய்ந்து அதற்குப் பரிகாரம் தேடுவது அரசின் தலையாய கடமையாகும்.

எங்கள் சிற்றறிவுக்கு எட்டிய வரையில், மறைத்தலும் தாமதமுமே அதன் இரு காரணங்கள். இறப்பின் காரணம் குறித்து முதலில் வெளியான அரசின் அறிக்கை மூச்சுத் திணறலையும் உடல்நலக் குறைவையும் மட்டுமே சொல்லிற்று. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி அந்த நிலையத்துக்குள் விசாரணைக்குச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர் கண்டதோ வேறு. கண்காணிப்புக் கருவியின் வன்தட்டில் போதிய இடம் இருந்தும், ஒவ்வொரு நாளின் பதிவும் தானாகவே அழியும்படி அது அமைக்கப்பட்டிருந்தமையால், அந்த இரவின் காட்சி ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. அங்கே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், விடிய விடிய அடித்தார்கள் என்றும், லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை படிந்திருந்தது என்றும் வாக்குமூலம் தந்தார். தந்துவிட்டு, வெளியே நின்ற சக காவலர்களின் பேச்சு காதில் விழ, கையெழுத்திட அஞ்சித் தயங்கினார். காவல் நிலையம் ஒன்றை வருவாய்த் துறையின் பொறுப்பில் ஒப்படைக்குமாறு நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்த அந்த நாட்களை எண்ணும்போது, மக்களின் அவநம்பிக்கை காரணமற்றது என்று எவரால் கூற முடியும்? சீருடை அணிந்த ஓர் அம்மையாரே உண்மையைச் சொல்லிவிட்டு நடுங்க வேண்டியிருந்தது என்றால், கூலிக்காரரும் கடைச் சிப்பந்தியும் எந்தத் தைரியத்தில் சாட்சிக் கூண்டு ஏறுவார்கள்?

இரண்டாவது காரணமாகிய தாமதத்தைப் பார்ப்போம். மினியாபொலிஸ் வழக்கில் டெரிக் ஷோவின் என்ற அந்தக் காவலர் மீதான விசாரணை தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. அந்நகரக் காவல்துறையின் தலைவரே நீதிமன்றத்துக்கு வந்து, தம்மிடம் பணியாற்றியவர் செய்தது தம் துறையின் பயிற்சிக்கும் நெறிக்கும் முரணானது என்று சாட்சி சொன்னார். 2021 ஏப்ரல் 20-ஆம் தேதி, சம்பவம் நிகழ்ந்து பதினோரு மாதம் நிறைவுறும் முன்னரே, அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. சாத்தான்குளம் வழக்கிலோ மத்தியப் புலனாய்வுத் துறை 2020 செப்டம்பரிலேயே ஒன்பது காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தும், உயர் நீதிமன்றம் காலவரம்பு விதித்தும், அவ்வரம்பு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு வருகிறது. இரு நாட்டு முறைகளும் வேறு வேறு என்பதையும், நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகளைக் கொண்ட வழக்கு ஓரிரு மாதங்களில் முடியாது என்பதையும் நாங்கள் அறிவோம். நீதிமன்றத்தின் மீது குறை கூறுவதும் எங்கள் நோக்கமன்று. துறைத் தலைவரே முன்வந்து சாட்சி சொன்ன அந்த மனோதர்மத்தைத்தான் இங்கும் எதிர்பார்க்கிறோம்.

குற்றம் சாட்டப்பட்டவர்களும் இந்நாட்டுப் பிரஜைகளே. குற்றம் நிரூபணமாகும் வரை அவர்களுக்கு வழக்கறிஞர் வைத்து வாதாடவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், பட்சபாதமற்ற தீர்ப்பைப் பெறவும் பூரண உரிமை உண்டு. லாக்கப்பில் இருந்த அவ்விருவருக்கு மறுக்கப்பட்டதாக நாங்கள் கருதும் அதே உரிமையை இவர்களுக்கு மறுக்குமாறு கேட்பது எங்கள் வாயால் ஆகாது. இரவு பகல் பாராமல் எங்கள் கடைவீதிகளைக் காத்து நிற்கும் நேர்மையான காவலர்களின் கௌரவமும் இத்தகைய வழக்குகள் நேரிய முறையில் முடிவதிலேயே அடங்கியுள்ளது என்பதை மனப்பூர்வமாக நம்புகிறோம்.

வழக்கை நடத்துவது மத்தியப் புலனாய்வுத் துறை, தீர்ப்பளிப்பது நீதிமன்றம். ஆகையால் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவற்றை மட்டும் கீழ்க்கண்டவாறு கோருகிறோம்:

1. உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 5-ஆம் தேதி ஏற்றுச் சட்டமாக்கிய சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி, சாட்சிக்கு உள்ள ஆபத்தை மதிப்பிட்டு அறிக்கை தருபவர் அந்தந்த உட்கோட்டக் காவல் அதிகாரியே. குற்றம் சாட்டப்பட்டவர் காவலராக இருக்கும் வழக்குகளில் அவ்வறிக்கையை வேறு மாவட்ட அதிகாரியே தயாரிக்க வேண்டும். காவல்துறையைச் சேர்ந்த சாட்சிகளுக்கு, அவர்கள் சாட்சியம் சொன்னதன் பேரில் இடமாற்றமோ, ஒழுங்கு நடவடிக்கையோ, பதவி உயர்வில் பாதகமோ நேராது என்று எழுத்து மூலம் உறுதியளிக்க வேண்டும்.

2. சாட்சிகளாகிய அரசு மருத்துவர், வருவாய் அலுவலர், காவலர் ஆகியோர் குறித்த நாளில் வராமையால் வாய்தா நேருவதைத் தடுக்க, ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பொறுப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். சாத்தான்குளத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கடையை மூடிவிட்டுப் போய் வரும் ஏழைச் சாட்சிக்குப் பயணப்படியும் அன்றைய ஊதியமும் உடனுக்குடன் கிடைக்க வேண்டும்.

3. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டபடி, நிலையத்தின் வாயில்கள், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை ஆகிய அனைத்திலும் ஒலியோடு பதிவு செய்யும் கண்காணிப்புக் கருவிகள் இயங்குகின்றனவா என்பதை மாதந்தோறும் தணிக்கை செய்ய வேண்டும். பதிவுகள் 18 மாதம் பேணப்பட வேண்டும். பதிவு அழிந்தால் நிலைய அதிகாரி நேரில் பதில் கூற வேண்டும்.

4. ரிமாண்டுக்கு முன் நடைபெறும் மருத்துவப் பரிசோதனையின்போது காவலர்கள் அறைக்கு வெளியே நிற்க வேண்டும். காயங்கள் புகைப்படத்தோடு பதிவாக வேண்டும். உடல்தகுதிச் சான்றிதழை வெறும் சம்பிரதாயமாக வழங்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

5. வரும் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரவிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அனுமதி தருவதா மறுப்பதா என்பதை அரசு 120 நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. காவலில் நேர்ந்த மரணங்களிலும் படுகாயங்களிலும் அந்த அவகாசம் தீரும் வரை காத்திராமல் முடிவெடுக்க வேண்டும்.

6. 2013-ஆம் ஆண்டின் தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டத்தின்படி மாநிலக் காவல் புகார் ஆணையத்துக்குத் தங்கள் துறையின் செயலாளரே தலைவர். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் அது இயங்குமாறு சட்டத்தைத் திருத்த வேண்டும். தங்கள் பதவிக்குள்ள அதிகாரத்தைத் தாங்களே விட்டுக்கொடுக்குமாறு கேட்பது கடினமான வேண்டுகோள் என்பதை உணர்ந்தே கேட்கிறோம்.

7. காவலர்கள் மீது நடைபெறும் பலப்பிரயோக வழக்குகளின் நிலை, வாய்தாக்களின் எண்ணிக்கை, அவற்றின் காரணம் ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு பிரசுரிக்க வேண்டும். காவலில் ஒருவர் இறந்தால், நீதித்துறை நடுவரின் விசாரணை முடியும் முன் மரணத்தின் காரணத்தை ஊகித்து எந்த அதிகாரியும் அறிக்கை விடலாகாது.

மக்களின் கோபத்தைத் தணிக்கப் பணியிடை நீக்க உத்தரவும் நிவாரணத் தொகையும் அவ்வப்போது பயன்பட்டிருக்கலாம். அவற்றால் நம்பிக்கை மீளாது. சாட்சி அச்சமின்றிப் பேசுகிறான், வழக்கு நாள் தவறாமல் நடக்கிறது, அரசு எதையும் ஒளிக்கவில்லை என்பதைப் பிரத்தியட்சமாகக் கண்டால், தீர்ப்பு எதுவாயினும் அதை ஏற்கும் பக்குவம் எங்கள் ஜனங்களுக்கு உண்டு. மேற்கண்டவற்றில் முதலிரண்டு கோரிக்கைகளும் நடந்துகொண்டிருக்கும் இவ்வழக்கைப் பற்றியவையாகையால், அவற்றின் மீது தாமதமின்றி ஆணை பிறப்பித்தும், ஏனையவற்றின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவித்தும், எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துக் கேட்டும் அருளுமாறு வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் அங்கத்தினர்கள்