பாற்பல்லும் பராமுகமும்

"விழப்போகிற பாற்பல்லுக்கு வைத்தியம் எதற்கு?" என்று கேட்கும் அன்பர்களின் வாதம், கேட்ட மாத்திரத்தில் விவேகம் நிறைந்ததுபோல் தோன்றினாலும், பாதி உண்மையை முழு உண்மையாகப் பாவிப்பதால் விளைந்த பிரமையே ஆகும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுவதைக் கண்டவர்கள், கடைவாய்ப் பாற்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரையில் ஆகாரத்தை அரைத்துத் தரவேண்டியவை என்பதையும், அவை அகாலத்தில் பறிபோனால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, பின்னால் வரும் நிரந்தரப் பல்லின் இடத்தை ஆக்கிரமிக்கும் என்பதையும் ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை.

"சொத்தைக் கிருமி தாயின் உமிழ்நீரிலிருந்தே தொற்றுகிறதாமே, நாம் என்ன செய்ய முடியும்?" என்பது அவர்களுடைய அடுத்த சமாதானம். 1924-இல் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களில் கண்டு வர்ணித்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் அக்கிருமி பெரும்பாலும் அவ்வாறு தொற்றுவது மெய்யே. ஆயினும் அது குடியேறிய மாத்திரத்தில் பல் கெடுவதில்லை. அடிக்கடி கிடைக்கும் சர்க்கரையிலிருந்து அது உண்டாக்கும் அமிலமே, பாற்பல்லின் மெல்லிய எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் குறைந்துபோகும் உறக்கவேளையில் இனிப்பிட்ட பால்புட்டியைக் குழந்தையின் வாயில் வைப்பவர்கள் நாமேயல்லவா?

முதற்பல் முளைத்ததுமுதல் அரிசிமணியளவு ஃபுளோரைடு பற்பசையால் துலக்குவதும், இரவுப் புட்டியை விலக்குவதும் அசாத்தியமான காரியங்கள் அல்ல. சொத்தை முற்றிச் சீழ்கட்டினால், அடியில் உருவாகிவரும் நிரந்தரப் பல்லுக்கே ஊறு நேரலாம் என்றிருக்க, "தானே விழும்" என்று காத்திருப்பவர்களுக்குப் பொறுமை சுலபந்தான்; பல் விழும் நாள்வரையில் உண்ணவும் உறங்கவும் இயலாமல் அழவேண்டியது அவர்களல்லவே!