மூன்று நிமிட வெளிச்சம்



மார்ச் மாதம் பிரான்சிலிருந்து நான் போட்ட பூப்படங்களைப் பார்த்துவிட்டு, "சார், சொர்க்கத்துல இருக்கீங்க, அங்கேயே தங்கிடுங்க" என்று பலர் எழுதியிருந்தீர்கள். ஆலங்காயம் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. இப்போதுதான் பதில் எழுத முடிந்தது.

மகன் இருப்பது தென் பிரான்சில் மீயோ என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு அந்த நகரம் அந்நியமாகத் தெரியாது. அதுவும் தோல் ஊர்தான். ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்குச் செம்மறியின் பால் வேண்டும் என்பதால் குட்டிகளைச் சீக்கிரமே பிரித்துவிடுவார்கள். அந்தக் குட்டித் தோலில் கையுறை செய்து பேர் வாங்கிய ஊர் அது. மகனுக்கும் தோல் வேலைதான்.

நான் சமூக அறிவியல் வாத்தியார். பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதால்தான் பருவங்கள் வருகின்றன என்று முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதினேன். ஆனால் அந்தச் சாய்வை உடம்பால் உணர்ந்தது இந்த வருஷம்தான். நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அங்கே ஆறரை மணி நேரம். டிசம்பரில் வெளிச்சமே ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. மார்ச்சில் தினமும் ஏறக்குறைய மூன்று நிமிடம் பகல் நீள்கிறது.

"அப்பா, மொத வருஷம் டிசம்பர்ல வேலைக்குப் போறப்பவும் இருட்டு, வர்றப்பவும் இருட்டு. உங்ககிட்ட சொல்லாம அழுதிருக்கேன்" என்றான் மகன். நாங்களோ இங்கே உட்கார்ந்துகொண்டு, பையன் குளிர் தேசத்தில் சுகமாக இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த இருட்டைக் கடந்தவர்களுக்குத்தான் அந்த மூன்று நிமிடத்தின் அருமை தெரியும். படத்தில் நீங்கள் பார்த்தது பூவை மட்டும். அதனால்தான் அதைச் சொர்க்கம் என்கிறீர்கள்.

ஒருநாள் காலை பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. சட்டைக் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். இலையே இல்லாத கிளையில் வாதுமைப் பூ. நம் பள்ளிக்கூடங்களில் நிற்கும் பாதாம் மரம் வேறு, இது வேறு. "ரெகார்தே" என்றார். அதற்குப் "பாருங்கள்" என்று அர்த்தமாம். எண்பது வயதில், ஆண்டுதோறும் பூக்கும் மரத்தைக் காட்ட ஊருக்குப் புதிதாக வந்த ஒருவனைத் தேடி வந்திருக்கிறார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு புங்கமரம் இருந்தது. பங்குனியில் இலை முழுக்க உதிர்த்து, சில நாளிலேயே தளிர்ப்பச்சையாக மின்னும். நாலு வருஷத்துக்கு முன்னால் அதை வெட்டினார்கள். நான் வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மரத்தை நான் பார்த்திருந்தால்தானே கேட்டிருப்பேன்?

"நம்ம ஊர்ல ஏது சார் வசந்தம், நேரா வெயில்தானே" என்பீர்கள். நம் முன்னோர் பருவத்தை ஆறாகப் பிரித்தவர்கள். மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். மழைக்குக் காத்திராமல், வெயில் ஏற ஏறத் தளிர்ப்பவை நம் மரங்கள். ஜவ்வாது மலை அடிவாரத்தில் புரசு சிவக்கும், வேம்பு பூக்கும், இலுப்பைப் பூ உதிரும், புளி உலுக்குவார்கள். அங்கே இருட்டு போய் வசந்தம் வருகிறது, இங்கே வெயிலோடு வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே, அது சொர்க்கம் என்பதும் நம்ம ஊர் போல வருமா என்பதும் இரண்டுமே சோம்பேறிப் பேச்சு என்பது என் கருத்து. இருக்கிற இடத்தில் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் போகிற இடமும் சொந்தமாகும். அதை நான் என் மாணவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. உலக வரைபடத்தைக் காட்டினேன், ஜன்னலைக் காட்டவில்லை.

இன்று பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்புச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். எந்தத் தேதியில் எந்த மரம் பூத்தது என்று பிள்ளைகளே எழுதட்டும். செலவு ஒன்றுமில்லை. நாளை ஒரு மரத்தை வெட்ட வந்தால், ஏன் என்று கேட்க நாலு பேராவது இருப்பார்கள்.

புத்தாண்டுப் பச்சடிக்கு வேப்பம்பூவைக் கடையில் வாங்காதீர்கள். மரத்தடிக்குப் பேரப்பிள்ளையை அழைத்துப் போங்கள். உங்கள் தெருவில் இப்போது என்ன பூத்திருக்கிறது? கீழே எழுதுங்கள்.