தொடாத கை

எங்க அம்மாவின் வலது காலில் இப்போது மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. மற்ற இரண்டையும் வெட்டி எடுத்தது மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரி. ஆனால் அந்த விரல்களை நாங்கள் இழந்தது, ஆறு வருஷமாக மாதாமாதம் அம்மா வரிசையில் நின்ற ஆரம்ப சுகாதார நிலையத்தில்.

"மாத்திரை போடுறியா? சோத்தைக் குறை. அடுத்து." அவ்வளவுதான் வைத்தியம். ரேஷன் அரிசியைத் தவிர வேறெதைத் தின்பது என்று யாரும் சொன்னதில்லை. "செருப்பைக் கழட்டு, காலைக் காட்டு" என்றும் ஒருவரும் கேட்டதில்லை. ஒருமுறை அம்மாவே, "காலு மரத்துப் போற மாதிரி இருக்குது டாக்டரம்மா" என்று காலைத் தூக்கிக் காட்டப் போயிருக்கிறது. "கீழ வை, கீழ வை" என்று மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே பதில். நாத்து நடுற கால். காலனிக் கால். சீட்டில் ஒரு மாத்திரை கூடியது.

சர்க்கரை நோய் நரம்பைத் தின்றால் பாதம் மரத்துவிடும்; முள் குத்தினாலும் தெரியாது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய எந்திரம் வேண்டாம். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையைப் பாதத்தில் வைத்து "தெரியுதா?" என்று கேட்க வேண்டும். விரலிடுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும். அதற்குக் காலைத் தொட வேண்டும் தோழர்களே! டீக்கடையில், கோயிலில், சுடுகாட்டில் இருக்கும் தீண்டாமையை எழுதினோம். வைத்தியம் பார்க்கிற மேஜையில் இருப்பதை எவ்வளவு எழுதினோம்?

"தமிழ் எம்.ஏ.வுக்கு வைத்தியத்தைப் பத்தி என்ன தெரியும்? டாக்டருங்களுக்கு ஒரு விழிப்புணர்வு வகுப்பு எடுத்தா மனசு மாறிடும்" என்கிறார் ஒரு நண்பர். வகுப்பு எடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஆரம்ப சிகிச்சை தரும் 124 மருத்துவப் பணியாளர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கறுப்பின நோயாளிகளின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளப் பயிற்சி. கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் அவரவர் தந்த சிகிச்சையில் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் அறிக்கை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், பயிற்சி பெற்றவர்கள் "ஆமாம், பாகுபாடு இருக்கிறது" என்று கூடுதலாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கறுப்பருடைய சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கொழுப்போ மற்றப் பிரிவைவிடக் குறையவில்லை. 2010-ல் வெளியான முடிவு இது. ஒப்புக்கொள்வதால் மட்டும் நோய் அடங்குமா?

விதியை மாற்றினால் மாறும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிட 1999-ல் அங்கே வந்த சூத்திரம், கறுப்பர் என்றால் விடையை 1.2 மடங்காக்கியது. கெட்டுப்போன சிறுநீரகமும் காகிதத்தில் நன்றாகத் தெரிந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் கறுப்பர்கள் தாமதமாகத்தான் சேர்ந்தார்கள். 2021-ல் நிறத்தைச் சூத்திரத்திலிருந்து நீக்கச் சொன்னார்கள். 2023-ல், இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கணக்கில் சேர்க்க உத்தரவு வந்தது. யாருடைய மனசு மாறவும் காத்திருக்கவில்லை.

மிசிசிப்பியில், கறுப்பர்கள் உண்டாக்கிய மவுண்ட் பேயூ என்ற ஊரில், 1967-ல் டாக்டர் ஜாக் கைகர் தோழர்களோடு ஒரு மருத்துவ நிலையம் திறந்தார். பசியோடு வந்தவர்களுக்கு மருந்துச் சீட்டில் உணவை எழுதினார். செலவை மருந்துக் கணக்கில் வைத்தார். அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, சத்துக்குறைவுக்கு மருந்து சோறுதான் என்றார். சோத்தைக் குறை என்பவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

1972-ல் பம்பாயில் தலித் பேந்தர்கள், கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்தார்கள். அந்தச் சிறுத்தைகள் இலவச மருத்துவ நிலையங்கள் நடத்தியதை நாம் எவ்வளவு பேசினோம்?

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருகிறது. வரவேற்போம். அதோடு கேட்போம்: ஒவ்வொரு நிலையத்திலும் ஊர்த்தெருவில் எத்தனை பேருக்குக் கால் பார்த்தாய், காலனியில் எத்தனை பேருக்குப் பார்த்தாய் என்று எழுதி, சுவரில் ஒட்டு. வெட்டப்பட்ட ஒவ்வொரு விரலுக்கும், கடைசியாகக் கால் பார்த்த தேதி எது என்று விசாரணை வை. கூலி போகாத நேரத்தில் நிலையத்தைத் திற.

இதை வாசிக்கிற மாணவர்களே, அடுத்த மாதம் உங்க அம்மாவோடு நீங்களும் வரிசையில் நில்லுங்கள். செருப்பை நீங்களே கழட்டி, "இந்தக் காலைப் பாருங்க" என்று சொல்லுங்கள். பார்க்கிறவரை எழுந்திருக்காதீர்கள். நான் அப்படிப் போய் நிற்கவில்லை. இரண்டு விரல் போன பிறகுதான் போனேன்.