ஊராட்சியை ஊராரிடம் ஒப்படைக்க வேண்டும்

அதிகாரப் பரவலாக்கம் என்ற சொல் தமிழ்மக்களுக்குப் புதியதன்று. 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்கா-செல்வநாயகம் ஒப்பந்தம் பிரதேச சபைகளைப் பற்றிப் பேசியது; அடுத்த ஆண்டே அது கிழித்தெறியப்பட்டது. 1965ஆம் ஆண்டின் டட்லி-செல்வநாயகம் ஒப்பந்தம் மாவட்ட சபைகளைப் பற்றிப் பேசியது. 1968இல் அதுவும் கைவிடப்பட்டது. 1981இல் மாவட்ட அபிவிருத்தி சபைகள் வந்தன. யாழ்ப்பாணத்தில் அத்தேர்தற் காலத்திலேதான் எமது பொதுநூலகம் சாம்பலாயிற்று. 1987இல் மாகாண சபைகள் வந்தன. மேலிருந்து கீழே அதிகாரம் இறங்கி வரும் என்று இத்தனை ஆண்டுகளாய் அண்ணாந்து பார்த்து நின்ற நாம், காலடியில் இருந்த ஊராட்சி கைநழுவிப் போனதைக் கவனித்தோமா? இக்கேள்வியைத் திருநெல்வேலியின் கமக்காரரிடமும் கற்றோரிடமும் வைக்க விழைகின்றோம்.

1981இல் இத்தீவில் 549 கிராமசபைகளும் 83 பட்டினசபைகளும் கலைக்கப்பட்டன. கிராமசபை குறைகளற்றதாய் இருந்ததென்று நாம் வாதாட முன்வரவில்லை. வருமானம் குறைந்தது, அதிகாரம் சிறியது, சாதிச் செல்வாக்கும் காணிச் செல்வாக்கும் அங்கே ஆட்சி செய்தன. எனினும் அது ஊருக்குள்ளே இருந்தது. ஒழுங்கை பழுதானால் எவரிடம் கேட்க வேண்டும் என்பது ஒவ்வொரு கமக்காரனுக்கும் தெரிந்திருந்தது. அதற்குப் பதிலாக 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் பிரதேச சபைகள் பிறந்தன. ஊர் அலுவல்களிலே தீர்மானம் எடுப்பதில் மக்களுக்கு மேலும் வாய்ப்பளிப்பதே அவற்றின் நோக்கமென்று அச்சட்டத்தின் முகவுரை கூறுகின்றது. ஆயினும், 2018ஆம் ஆண்டுத் தேர்தலின்போது நாடு முழுவதிலும் இருந்த பிரதேச சபைகள் 276 மாத்திரமே. சபை பெரிதாயிற்று, மக்களுக்கும் அதற்கும் இடையிலுள்ள தூரமும் பெரிதாயிற்று.

குடாநாட்டின் நிலையைப் பாருங்கள். யாழ் மாவட்டத்தில் மாநகர சபை ஒன்று, நகர சபைகள் மூன்று, பிரதேச சபைகள் பதின்மூன்று, ஆகப் பதினேழு உள்ளூராட்சி மன்றங்கள். மறுபுறத்திலே மத்திய அரசின் கீழ்ப் பதினைந்து பிரதேச செயலகங்களும், அவற்றின்கீழ் 435 கிராம அலுவலர் பிரிவுகளும். இவ்விரு எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. நல்லூர்ப் பிரதேச செயலகத்தின் ஒரு பகுதி மாநகர சபைக்குள் அடங்குகின்றது. மறுபகுதி நல்லூர்ப் பிரதேச சபைக்கு உரியது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மாநகர சபையின் எல்லைக்குள் இருக்க, நல்லூரின் பெயரைத் தாங்கிய பிரதேச சபையோ திருநெல்வேலியையும் கொக்குவிலையும் கோண்டாவிலையும் ஆள்கின்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் கையிலே வீதி விளக்கும் குப்பை வண்டியும். நியமிக்கப்பட்ட செயலகத்தின் கையிலே காணியும் நிவாரணமும் அபிவிருத்திப் பணமும். வாக்கு ஒரு வாசலில், வேலை வேறு வாசலில் என்றால், வாக்களித்தவன் எவரைப் பொறுப்புக் கேட்பான்?

இஃது ஏட்டுச் சுரைக்காய் விவகாரமன்று. தண்ணீரை எடுத்துக் கொள்வோம். ஆறில்லாத எமது குடாநாட்டிற்குச் சுண்ணக்கல்லின் அடியிலுள்ள நன்னீரே உயிர். நெடுங்காலமாகத் திருநெல்வேலி, கோண்டாவிற் பகுதிக் கிணறுகளிலிருந்தே நகரத்திற்குக் குடிநீர் இறைக்கப்பட்டு வந்தது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. இரசாயன உரத்தினாலும் மலக்குழிகளினாலும் எமது கிணற்றுநீரில் நைத்திரேற்று மிகுந்து வருவதை ஆய்வாளர்கள் பலகாலமாக எடுத்துக்காட்டி வருகின்றனர். ஆனால் கட்டடத்திற்கு அனுமதி வழங்குவது ஒரு சபை. நீரைக் குடிப்பது வேறு சபையின் மக்கள். உரத்தைப் பற்றி ஆலோசனை கூறுவது பிறிதொரு திணைக்களம். நீர் வழங்குவது கொழும்பிலிருந்து ஆளப்படும் சபை. நிலத்தடியில் நீர் எல்லை பார்ப்பதில்லை. நிலத்தின்மேல் நிருவாகம் எல்லை தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

சந்தையை எடுத்துக் கொள்வோம். விற்க வந்த கமக்காரனின் மரக்கறியில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று கழித்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றிக் குடாநாடெங்கும் எழுந்த முறைப்பாடுகள் கொஞ்சமல்ல. சந்தைகள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் உள்ளவை. ஒரு சபை தனித்து நின்று தடுத்தால் வியாபாரம் அடுத்த சபையின் சந்தைக்கு நகர்ந்து விடாதா? பதினேழு சபைகளும் கூடி ஒரே விதியை இயற்றுவதற்கு நிலையான அமைப்பு எங்கே? அதற்கெனத் தோன்றியதே மாகாண சபை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி உள்ளூராட்சி மன்றங்களின் மேற்பார்வை மாகாணத்திற்கு உரியது. ஆனால் 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2025ஆம் ஆண்டின் உள்ளூராட்சித் தேர்தல் முடிந்த பின்னரும் மாகாண சபைக்குத் தேர்தல் வைக்கப்படவில்லை. ஆளுநரே ஆட்சி செய்தார்.

ஊராட்சித் தேர்தலின் கதையும் சிறந்ததன்று. பிரதேச சபைச் சட்டம் வந்து பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்து, 1998இலேதான் யாழ் மாவட்டம் அதன் முதல் தேர்தலைக் கண்டது. அதன்பின் 2011, பின்னர் 2018. 2023 மார்ச் மாதத்தில் நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லையென்று நிறுத்தப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. எனினும் 2025 மே 6ஆம் திகதி வரையில் வாக்குப்பெட்டி திறக்கப்படவில்லை. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் செயலாளர்களே சபைகளை நடத்தினர். உறுப்பினர் இல்லாமலே சபை ஓடுமென்று அரசாங்கம் காட்டிவிட்டது. இது கண்டு நாம் வெட்கப்பட வேண்டாமா?

சட்டம் சீர்திருத்தப்படவில்லையா என்று கேட்பர். சீர்திருத்தப்பட்டது. வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த 60க்கு 40 முறையும், பெண்களுக்கு நூற்றுக்கு 25 இடங்களும் வந்தன. பெண்களுக்கு இடம் கிடைத்ததை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆனால் முன்னர் 4,486 ஆக இருந்த உறுப்பினர் தொகை 8,000க்கு மேல் உயர்ந்தது. நாற்காலி பெருகிற்று, சபையின் அதிகாரமும் வருவாயும் அதற்கேற்பப் பெருகவில்லை.

இதனை மாற்றுவது கட்சிகளால் மாத்திரம் ஆகாது. 2015 டிசம்பரில் தோன்றிய தமிழ் மக்கள் பேரவை, கற்றோரையும் சமயத் தலைவர்களையும் கூட்டி, அடுத்த ஆண்டே வடகிழக்கு இணைந்த சமஷ்டிக்கான வரைவொன்றை மக்கள் முன் வைத்தது. கட்சிகளுக்கு வெளியே நின்றும் அரசமைப்பைப் பற்றிச் சிந்திக்கலாம் என்பதற்கு அஃதோர் எடுத்துக்காட்டு. ஆனால் 2018இல் அதன் இணைத்தலைவரே தனிக்கட்சி தொடங்கினார். பேரவையின் குரலும் மங்கிற்று. கேரளத்தைப் பாருங்கள். 1962இல் தோன்றிய சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் இயக்கம் ஊர் ஊராகச் சென்று உழைத்ததன் பயனாகவும், 1996இல் அங்கே திட்டப்பணத்தில் நூற்றுக்கு 35 முதல் 40 வரை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. மக்கள் கிராமசபையிற் கூடித் தம் தேவையைத் தாமே எழுதினர்.

எமக்கு அத்தகைய இயக்கம் புதிதாய்ப் பிறக்க வேண்டியதில்லை. சனசமூக நிலையம் இல்லாத ஊர் யாழ்ப்பாணத்தில் உண்டா? கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் உள்ளன. பல்கலைக்கழகமோ திருநெல்வேலியிலேயே இருக்கின்றது. இவை ஒரு மேடையில் கூடிப் பின்வருவனவற்றைக் கேட்க வேண்டுமென்பது எமது எண்ணம். முதலாவது, ஒவ்வொரு வட்டாரத்திற்கும் சட்டத்தின் பலத்துடன் ஊர்க்குழு வேண்டும்; வரவு செலவுத் திட்டம் அதன்முன் வைக்கப்படாமல் நிறைவேறலாகாது. இரண்டாவது, செயலகத்தின் எல்லையும் சபையின் எல்லையும் ஒன்றாதல் வேண்டும். ஊர் அபிவிருத்திப் பணம் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் வழியே செல்ல வேண்டும். மூன்றாவது, நீருக்கும் சந்தைக்கும் கழிவகற்றலுக்கும் பதினேழு சபைகளுக்கும் பொதுவான ஓர் அமைப்பு வேண்டும். நான்காவது, சோலைவரியும் சந்தை வருமானமும் எந்த ஒழுங்கைக்குச் செலவாயின என்பது வட்டாரந்தோறும் எழுதித் தொங்கவிடப்பட வேண்டும். ஐந்தாவது, காலம் முடிந்த சபைக்குத் தேர்தல் நடக்க வேண்டிய நாளைச் சட்டமே குறித்தல் வேண்டும்.

உள்ளூராட்சி மன்றங்களின் அமைப்பை வகுக்கும் அதிகாரம் பாராளுமன்றத்திடம் உள்ளது. எனவே இவற்றிற் பல கொழும்பிலேதான் முடியும். ஆனால் கணக்கை வெளியிடவும், ஊர்க்குழுவைக் கூட்டிக் கருத்துக் கேட்கவும் எந்தச் சபைக்கும் கொழும்பின் தயவு வேண்டியதில்லை. அதை நாளையே தொடங்கலாம்.

சின்னச் சபையைப் பேசினால் பெரிய உரிமை மறந்துபோகும் என்று அஞ்சுவோர்க்கு எமது மறுமொழி இதுவே: தன் சந்தையின் கணக்கைக் கேட்கத் தெரிந்த மக்களை எந்த அரசாங்கமும் எளிதில் ஏமாற்ற முடியாது. சமஷ்டி கிடைத்தாலும் அதை நடத்தப் போகின்றவர்கள் இவ்வூராரேயன்றோ? கமக்காரரே, கற்றோரே, உங்கள் சபை அடுத்த முறை கூடும் நாளில் மக்கள் இருக்கையிற் போய் அமருங்கள்.