சோதனை வரிகளில் தமிழ்

ஒரு மென்பொருள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை, அதனைப் பயன்படுத்துவோரும் படித்துணரும் எளிய தொடர்களில் எழுதி, அத்தொடர்களையே சோதனையாக இயக்குவது நடத்தைவழிச் சோதனை முறையாகும். டான் நார்த் என்பவர் 2003ஆம் ஆண்டையொட்டி இதற்கு வடிவம் தந்தார். 2008இல் வெளிவந்த குக்கும்பர் என்னும் கருவி இதனைப் பரவச் செய்தது. அக்கருவிக்குரிய எழுத்துமுறையின் பெயர் கெர்கின். முன்னது வெள்ளரிக்காய், பின்னது ஊறுகாய்க்குரிய வெள்ளரிப்பிஞ்சு. கணினியாளர் நகைச்சுவை அத்தகையது.

கெர்கின் ஏற்கும் 70க்கும் மேற்பட்ட மொழிகளுள் தமிழும் ஒன்று. கோப்பின் முதல் வரியில் தமிழுக்குரிய மொழிக் குறியீட்டை இட்டால் போதும். ஒருவருக்கு மூன்று நூல்களே கடன் என்னும் நூலக விதியை அதில் எழுதிப் பார்ப்போம்.

காட்சி: நான்காம் நூலைக் கேட்டல்
கொடுக்கப்பட்ட உறுப்பினர் மூன்று நூல்களை வைத்திருக்கிறார்
எப்போது உறுப்பினர் நான்காம் நூலைக் கேட்கிறார்
அப்பொழுது கடன் மறுக்கப்படுகிறது

'கொடுக்கப்பட்ட' என்பது பெயரெச்சம். அது அடுத்து நிற்கும் பெயரைத் தழுவி, உறுப்பினரையே யாரோ கொடுத்துவிட்டதாகப் பொருள் தருகிறது. 'எப்போது' என்பதோ வினாச்சொல். ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் தொடரின் தலையில் நிற்கும். தமிழில் நிபந்தனை 'கேட்டால்' என வினையின் ஈற்றில் அமையும். இங்கே சொற்கள் மட்டும் பெயர்க்கப்பட்டுள்ளன. தொடரமைப்பு ஆங்கிலத்துக்குரியதாகவே இருக்கிறது.

கருவி இயங்குகிறதே, சொல் எதுவாயிருந்தால் என்ன என்பர் சிலர். இயங்குவது மட்டுமே நோக்கமெனில் நிரல்மொழியே போதும். நிரல் அறியாதவர் படித்து, 'இவ்விதி இப்படியன்று' எனத் திருத்துவதற்காகத் தோன்றியது இம்முறை. ஆய்வு மாணவருக்கு ஐந்து நூல்கள் வழங்கும் வழக்கம் ஒரு நூலகத்தில் இருக்கலாம். அதனை நூலகர் அறிவார், நிரலர் அறியார். நூலகர் முதல் வரியிலேயே இடறி நின்றால், அப்பிழை மென்பொருளில் தங்கிவிடும். ஒவ்வொரு மாணவரும் வெறுங்கையுடன் திரும்புவார்.

இதற்காக ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாம் என்பதும் எனக்கு உடன்பாடன்று. நூலகரை அது இன்னும் தொலைவில் நிறுத்தும். சூழல், செயல், விளைவு எனப் பெயர்ச்சொற்களை வரித்தலைப்பாக்கினால், அவற்றின்பின் எந்தத் தமிழ்த்தொடரும் இயல்பாக நிற்கும். கெர்கின் திறந்தமூல மென்பொருளாதலால், அதன் சொற்பட்டியலுக்குத் திருத்தம் முன்மொழிய எவருக்கும் வழியுண்டு. அதுவரை அச்சொற்களுக்குப் பதிலாக வரியின் தொடக்கத்தில் உடுக்குறி இடவும் கருவி இடமளிக்கிறது.

எழுதுவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வரியையும் அதற்குரிய நிரற்பகுதியோடு கருவி ஒப்பிட்டுப் பார்க்கும். 'நூலைக் கேட்கிறார்' என நிரலில் குறித்துவிட்டு, சோதனை வரியில் ககர ஒற்றை விட்டுவிட்டால், அவ்வரி வரையறுக்கப்படாதது என்று அறிவித்துவிடும். வல்லினம் மிகும் இடங்களை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிப்போர் இதனை ஒருமுறை இயக்கிப் பார்க்கலாம்.