பொதுவில் போட்ட படத்துக்குப் பூட்டு ஏன்? - ‘லாகின்’ கேட்கும் தளங்களின் கணக்கு

வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வருகிறது. “வளைகாப்பு போட்டோ எல்லாம் இன்ஸ்டால போட்டிருக்கோம், பாருங்க அத்தை” என்று மருமகள் அனுப்பியிருக்கிறாள். அத்தை தட்டுகிறார். முதல் படம் தெரிகிறது. அடுத்ததைப் பார்க்க விரலைத் தள்ளினால், திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி: லாகின் செய்யுங்கள், இல்லையென்றால் கணக்கு தொடங்குங்கள். அத்தைக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு கிடையாது. “நமக்கு மட்டும் காட்டக் கூடாதுன்னு வச்சிருக்காங்களோ?” என்று ஒரு சந்தேகம் வேறு.

மருமகள் மேல் தப்பில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்று ‘பப்ளிக்’ ஆகத்தான் அவள் வைத்திருக்கிறாள். பூட்டியது தளம். நாம் போடும் ‘பிரைவேட்’ பூட்டு வேறு, தளம் போடும் இந்த லாகின் பூட்டு வேறு. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, “லாகின் இல்லாம யாரும் பார்க்க முடியாது, அதனால என் படம் பத்திரம்” என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதிக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது?

நிறுவனங்கள் சொல்லும் காரணம்: படங்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும் தானியங்கி நிரல்களைத் தடுக்கவே இந்தக் கட்டுப்பாடு என்கின்றன நிறுவனங்கள். இதைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. கிளியர்வியூ ஏஐ என்ற அமெரிக்க நிறுவனம் ஃபேஸ்புக், யூடியூப் உள்ளிட்ட தளங்களில் இருந்து 300 கோடிக்கும் அதிகமான படங்களை அள்ளி, முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் கருவியைக் காவல்துறைகளுக்கு விற்றுவந்தது 2020 ஜனவரியில் அம்பலமானது. படத்தில் இருந்தவர்கள் யாரிடமும் அது அனுமதி கேட்கவில்லை.

2023 ஜூன் 30 அன்று ட்விட்டரும் திடீரென்று கதவைச் சாத்தியது. கணக்கு இல்லாதவர்கள் ஒரு பதிவைக்கூடப் பார்க்க முடியவில்லை. தரவுகளை அளவுக்கு மீறி அள்ளுகிறார்கள், இது தற்காலிக அவசர நடவடிக்கை என்றார் எலான் மஸ்க். சில நாட்களில் தனிப் பதிவுகளுக்கான லிங்க் மட்டும் மறுபடி திறந்தது. மற்ற பல வாசல்கள் இன்னும் பாதி சாத்தியபடியே இருக்கின்றன. ‘தற்காலிகம்’ என்ற சொல்லுக்கு எல்லா ஊரிலும் இதே அர்த்தம்தான் போலிருக்கிறது.

இதில் சட்டக் கணக்கு ஒன்றும் உண்டு. பிரைட் டேட்டா என்ற இஸ்ரேல் நிறுவனம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் தரவுகளைச் சேகரித்து விற்கிறது என்று மெட்டா வழக்குப் போட்டது. 2024 ஜனவரியில் கலிஃபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றம் பிரைட் டேட்டா பக்கம் நின்றது. லாகின் செய்யாமலே யார் கண்ணுக்கும் தெரியும் பொதுத் தரவை எடுப்பதை மெட்டாவின் விதிமுறைகள் தடுக்கவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். கணக்கு தொடங்கும்போது படிக்காமலே ‘ஏற்கிறேன்’ என்று தட்டுகிறோமே, அந்த ஒப்பந்தம் உள்ளே நுழைந்து பயன்படுத்துபவரைத்தான் கட்டுப்படுத்தும். வெளியே நின்று பார்ப்பவரை அல்ல. அப்படியானால் நிறுவனத்துக்கு வசதியான வழி எது? வெளியே நிற்பவர் கண்ணில் படுவதைக் குறைத்துவிடுவதுதான்.

ஆனால், பூட்டு பழசு: செயற்கை நுண்ணறிவு, தரவுத் திருட்டு என்ற பேச்செல்லாம் வருவதற்கு முன்பே இந்தக் கதவடைப்பு தொடங்கிவிட்டது. 2012இல் ஃபேஸ்புக் 100 கோடி டாலர் விலை பேசி இன்ஸ்டாகிராமை வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், இன்ஸ்டாகிராம் படங்கள் ட்விட்டருக்குள்ளேயே தெரியும் வசதி நிறுத்தப்பட்டது. படம் வேண்டுமா, எங்கள் தளத்துக்கு வா என்பதுதான் செய்தி. அந்த முன்னோட்ட வசதி திரும்பி வர 2021 நவம்பர் ஆனது. நடுவில் போன ஒன்பது ஆண்டுகளில் யாருடைய அந்தரங்கம் காப்பாற்றப்பட்டது என்று கேட்டால் பதில் இல்லை. போட்டியாளருக்குக் கூட்டம் சேரக் கூடாது, அவ்வளவுதான்.

போட்டோபக்கெட் கதை இன்னும் கறாரானது. வலைப்பதிவர்களும் சின்ன வியாபாரிகளும் பல வருடங்களாகத் தங்கள் படங்களை அந்தத் தளத்தில் ஏற்றிவைத்து, அங்கிருந்து தங்கள் பக்கங்களில் காட்டிவந்தார்கள். 2017 கோடையில், வெளித் தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கு 399.99 டாலர் கட்டு என்றது நிறுவனம். கட்டாதவர்களின் படங்கள் இருந்த இடத்தில் எல்லாம் ஓர் எச்சரிக்கைப் பலகை வந்து உட்கார்ந்துகொண்டது. எதிர்ப்புக்குப் பிறகு கட்டணம் குறைந்தது. ஆனால், இலவசமாகக் கிடைத்த இடம் நமக்குச் சொந்தமில்லை என்பதைப் பலரும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

பூட்டுக்கு உள்ளே யார்? அத்தைக்கும் கிளியர்வியூவுக்கும் சேர்த்து ஒரே பூட்டு. சரி. சாவி வைத்திருப்பவர் என்ன செய்கிறார்? 2024 செப்டம்பரில் ஆஸ்திரேலிய செனட் விசாரணைக் குழு மெட்டா அதிகாரியை அழைத்துக் கேட்டது. பிரைவேட்டாக மாற்றப்படாத படங்களையும் பதிவுகளையும் 2007 வரை பின்னோக்கிப் போய், செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்க எடுத்திருக்கிறீர்களா? முதலில் மறுத்த அதிகாரி, துருவிக் கேட்டதும் ஒப்புக்கொண்டார். 18 வயதுக்கு உட்பட்டோரின் கணக்குகளைத் தொடுவதில்லை என்றார். பெற்றோர் தங்கள் கணக்கில் பொதுவாகப் போட்ட குழந்தைப் படங்கள்? அவை பயிற்சிக்குப் போகும்.

ஐரோப்பாவில் இருப்பவர்கள், ‘என் படத்தை எடுக்காதே’ என்று படிவம் நிரப்பி ஆட்சேபம் தெரிவிக்கலாம். அங்கே சட்டம் வலு. இங்கே 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன்னைப் பற்றித் தானே பொதுவில் வெளியிட்ட தரவுக்குப் பொருந்தாது. சமூக ஊடகத்தில் தன் விவரங்களைத் தானே வெளியிடுபவரைச் சட்டத்திலேயே உதாரணமாகக் கொடுத்திருக்கிறார்கள். மருமகள் தன் படத்தைத் தானே போட்டாள், சரி. வளையல் அடுக்கிவிடும்போது பக்கத்தில் நின்ற அத்தையின் முகமும் அதில் இருக்கிறதே? அத்தை எதையும் வெளியிடவில்லை. அவர் முகம் எந்தக் கணக்கில் சேரும் என்ற கேள்வி ஒருநாள் நீதிமன்றத்துக்கு வந்தே தீரும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நிறுவனத்துக்கு லாபம் என்றால் இதே கதவு திறக்கவும் செய்யும். 2025 ஜூலை 10 முதல், தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் படங்களும் வீடியோக்களும் கூகுள் தேடலில் வர இன்ஸ்டாகிராம் வழிவிட்டது. தேடலில் வந்து விழுபவர் மறுபடி அந்த லாகின் பெட்டி முன்புதான் நிற்பார் என்பது தெரிந்த விஷயம். தேடலில் வர வேண்டாம் என்று நினைப்பவர்கள், கணக்கின் தனியுரிமை அமைப்புக்குள் போய் அதை அணைக்கலாம். முழுக்க பிரைவேட்டாக மாற்றிவிட்டால், அந்தப் பதிவுகளைப் பயிற்சிக்கு எடுப்பதில்லை என்கிறது மெட்டா. இனி போடுவதற்கு இது உதவும். ஏற்கெனவே போனதைத் திரும்ப வாங்க இதில் வழி இல்லை.

மழை நாளில் என்ன ஆகும்? வளைகாப்புப் படம் தெரியாவிட்டால் ஒரு வருத்தத்தோடு போயிற்று. ஆனால், பள்ளி விடுமுறை முதல் ஏரி திறப்பு எச்சரிக்கை வரை அரசு அறிவிப்புகள் இன்று படமாகத்தான் எக்ஸ் தளத்திலும் ஃபேஸ்புக்கிலும் வருகின்றன. லாகின் இல்லாமல் எக்ஸில் ஒரு பக்கத்தைத் திறந்தால் பதிவுகள் தேதி வரிசையில் வராது. பலர் விரும்பிய பழைய பதிவுகள் முன்னால் வந்து நிற்கும். போன வருடத்து விடுமுறை அறிவிப்பைப் பார்த்துப் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொள்வதும், இன்றைய எச்சரிக்கை கண்ணில் படாமலே போவதும் நடக்கக் கூடியவைதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையே ட்விட்டர், ஃபேஸ்புக் பதிவுகளை நம்பி உதவி கேட்டது, உதவி அனுப்பியது. அன்றைக்குக் கணக்கு இல்லாதவரும் லிங்க் கிடைத்தால் பதிவைப் படிக்க முடிந்தது. இன்றைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. மாவட்ட நிர்வாகங்களுக்குச் சொந்தமாக இணையதளங்கள் இருக்கின்றன. அங்கே பூட்டு கிடையாது. சமூக ஊடகத்தில் ஏற்றும் அதே நிமிடத்தில் அறிவிப்பை, படமாக இல்லாமல் எழுத்தாக, அங்கேயும் ஏற்றுவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.