26 பேர் எதுக்கு, ஒரு கீபோர்டு போதாதா?

போன வருஷம் நம்ம கல்ச்சுரல்ஸ்ல லைட் மியூசிக் பார்த்தவங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லிடறேன். மூணாவது பாட்டுல வயலின் கூட்டமா எழும்பி வந்ததே, நீங்க எல்லாரும் கை தட்டினீங்களே, அது வயலினே இல்லை. என் இடது கையும் கீபோர்டுல இருக்கற 'ஸ்ட்ரிங்ஸ்' பட்டனும்தான்.

மெக்கானிக்கல்ல நிஜமாவே வயலின் வாசிக்கற ஒரு தம்பி இருந்தான். ஆனா வாடகை மிக்சர்ல சேனல் பத்தலை, மைக் பத்தலை, சவுண்ட் செக்குக்கு நேரமும் பத்தலை. "விடுடா, நான் கீபோர்டுல பாத்துக்கறேன்"னு சொன்னது நான்தான். அவன் நாலாவது வரிசையில உட்கார்ந்து எங்களை வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தான்.

அந்த வீடியோவைப் பாத்துட்டு, சும்மா இருக்க முடியாம தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். பழைய மேடை மியூசிக்கல்களைத் திரும்ப எடுக்கறவங்க இதே சிக்கல்ல மாட்டிக்கிட்டு அம்பது வருஷமா சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்கன்னு அப்பதான் தெரிஞ்சது. அதுல ஒரே ஒரு நாடகத்தை மட்டும் எடுத்துக்கறேன்: 'ஸ்வீனி டாட்'. ஜானி டெப் நடிச்ச 2007 படமா உங்கள்ல சிலர் பார்த்திருப்பீங்க. பொய்க் குற்றச்சாட்டுல நாடு கடத்தப்பட்ட ஒரு பார்பர் லண்டனுக்குத் திரும்பி வந்து, பழிவாங்கக் கத்தியை எடுப்பான். கீழ்வீட்டு மிசஸ் லவெட் அந்தப் பிணங்களை வச்சு பை செஞ்சு விப்பாள். (பைன்னா நம்ம கேன்டீன் பஃப்ஸோட பெரியண்ணன். இதைப் படிச்சுட்டு நாளைக்கு பஃப்ஸ் வாங்கலைன்னா நான் பொறுப்பில்லை.)

ஸ்டீஃபன் சாண்ட்ஹைம் இசையமைச்ச இந்த நாடகம் 1979-ல நியூயார்க் பிராட்வேயில, யூரிஸ்ங்கற பிரம்மாண்டமான தியேட்டர்ல வந்தது. மேடை முழுக்க ஒரு இரும்பு ஆலை மாதிரி செட், காதைக் கிழிக்கற ஆலைச் சங்கு, மேடைக்கு முன்னாடி இருக்கற பள்ளத்துல ஜோனதன் ட்யூனிக் எழுதிக்கொடுத்த பெரிய ஆர்கெஸ்ட்ரா. 8 டோனி விருது வாங்கியது, 557 காட்சி ஓடியது. அப்படியும் போட்ட முதல் முழுசா திரும்பவில்லை!

ஏன்னு கேட்டா, நம்ம எகனாமிக்ஸ் எலெக்டிவ்ல தூங்காம இருந்தவங்களுக்கு பதில் தெரியும். 1966-ல வில்லியம் பௌமால், வில்லியம் போவன்னு ரெண்டு பேர் நாடகம், இசை மாதிரி கலைகளோட கணக்கை ஆராய்ஞ்சு ஒரு புத்தகம் எழுதினாங்க. ஒரு கார் செய்ய அன்னிக்கு ஆன மனித உழைப்பு இன்னிக்கு ஆகறதில்லை, மெஷின் வந்துடுச்சு. ஆனா பீத்தோவன் எழுதின நால்வர் இசையை வாசிக்க அன்னிக்கும் நாலு பேர், இன்னிக்கும் நாலு பேர். வெளியில எல்லா வேலையிலும் சம்பளம் ஏறும்போது இவங்களுக்கும் ஏத்தித்தான் ஆகணும். உற்பத்தி மட்டும் ஏறாது. பிராட்வேயில வாரத்துக்கு 8 காட்சி, தியேட்டர்ல இத்தனை சீட்டுன்னு ரெண்டுமே கட்டிப்போட்ட எண்கள். மிச்சம் இருக்கற ஒரே வழி டிக்கெட் விலையை ஏத்தறது. இல்லைன்னா ஆளைக் குறைக்கறது.

ஸ்வீனி டாட் 1989-ல திரும்ப வந்தபோது ஆளைத்தான் குறைச்சாங்க. சின்ன தியேட்டர், பள்ளத்துல ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதில் சிந்தசைசர்கள். 'டீனி டாட்'னு ஊரே கிண்டலா பேர் வச்சது. நடிப்பு பக்கத்துல இருந்து பார்க்க நல்லா இருந்ததுன்னு ரசிச்சவங்களும் உண்டு, அதை மறைக்கலை. ஆனா என் கீபோர்டோட தாத்தா அங்கதான் உட்கார்ந்திருந்தார்.

2003 மார்ச்ல இது தெருவுக்கே வந்துடுச்சு. பெரிய தியேட்டர்கள்ல குறைஞ்சது 24லிருந்து 26 இசைக்கலைஞர்கள் இருக்கணும்னு ஒப்பந்தம் இருந்தது. தயாரிப்பாளர்கள் அதைக் குறைக்கச் சொன்னாங்க. ஸ்ட்ரைக் வந்தா கம்ப்யூட்டர் ஆர்கெஸ்ட்ராவை வச்சு ஓட்டிக்கறோம்னு ஒத்திகையும் பார்த்தாங்க. கலைஞர்கள் ஸ்ட்ரைக்ல இறங்கினாங்க. நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் அவங்க பக்கம் நின்னதால பிராட்வே மியூசிக்கல்கள் 4 நாள் படுத்துடுச்சு. கடைசியில எண்ணிக்கை 18, 19-க்கு இறங்கியது. நான் அங்க இருந்திருந்தா எந்தப் பக்கம் நின்னிருப்பேன்னு யோசிச்சுப் பார்த்தேன். வாய் கலைஞர்கள் பக்கம் கோஷம் போட்டிருக்கும். கை, போன வருஷம் செஞ்சதைப் பார்த்தா, தயாரிப்பாளர் பக்கம்தான்.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச பகுதி. இங்கிலாந்துல நியூபரி பக்கத்துல வாட்டர்மில்னு ஒரு குட்டி தியேட்டர். அங்க பெரிய பேண்டை உட்கார வைக்க இடமும் கிடையாது, காசும் கிடையாது. ஜான் டாயில்ங்கற இயக்குநர் 2004-ல அங்க ஸ்வீனி டாட் எடுத்தார். மறு வருஷமே அது பிராட்வேக்குப் போச்சு. மொத்தம் 10 பேர். நடிக்கறதும் அவங்களே, வாசிக்கறதும் அவங்களே. மிசஸ் லவெட்டா நடிச்ச பேட்டி லுபோன் மேடையில டியூபாவைத் தூக்கிக்கிட்டு ஊதினாங்க. காதலனும் காதலியும் ஆளுக்கொரு செல்லோ வச்சிருந்தாங்க. கொலை நடக்கும்போது ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு ரத்தத்தை ஊத்துவாங்க, அவ்வளவுதான்.

இங்க கவனிங்க. 26 பேர் வாசிச்சதை 10 பேர் வாசிக்கற மாதிரி 'நடிக்க' அவங்க முயற்சி பண்ணலை. சாரா ட்ராவிஸ்ங்கறவங்க உட்கார்ந்து மொத்த இசையையும் அந்த 10 பேருக்காகவே புதுசா எழுதினாங்க. அதுக்கு அவங்களுக்கு டோனி விருது கிடைச்சது, டாயிலுக்கும் கிடைச்சது. 2014-ல லண்டன் டூட்டிங்ல இன்னொரு குழு நிஜமான பை கடைக்குள்ளேயே இதே நாடகத்தைப் போட்டாங்க. அது 2017-ல நியூயார்க் போனபோது ஒரு தியேட்டரையே பை கடையா மாத்தினாங்க. வாசிச்சது மூணே பேர். பார்க்க வந்தவங்களுக்கு பை பரிமாறினாங்க, தைரியம் இருந்தவங்க சாப்பிட்டிருப்பாங்க.

அப்ப பெரிய ஆர்கெஸ்ட்ராவே வேண்டாமா? வேணும். 2023-ல ஸ்வீனி டாட் மறுபடியும் பிராட்வேக்கு வந்தது, ட்யூனிக் எழுதின அதே இசையோட, 26 பேரோட. அந்த முழு ஒலி பிராட்வேயில 1980-க்கு அப்புறம் அப்பதான் திரும்பக் கேட்டுச்சு. ஆனா அதுக்கு ஜாஷ் க்ரோபன் மாதிரி ஒரு பாப் ஸ்டாரோட பேர் போஸ்டர்ல தேவைப்பட்டது. அவர் விலகினதும் அடுத்த ஸ்டாரைக் கொண்டுவந்தாங்க, 2024 மே மாசம் முடிச்சுக்கிட்டாங்க. 2008-ல 'சவுத் பசிஃபிக்' 30 பேர் ஆர்கெஸ்ட்ராவோட வந்ததுக்குக் காரணம், அதைப் போட்ட லிங்கன் சென்டர் நன்கொடை வாங்கி நடத்தற, லாபநோக்கில்லாத அமைப்பு. ஆரம்ப இசையிலேயே மேடைத்தளம் பின்னாடி நகர்ந்து, கீழ உட்கார்ந்திருக்கற 30 பேரையும் காட்டுமாம். ஹீரோ என்ட்ரி மாதிரி ஜனம் கை தட்டியிருக்கு! நான் கீபோர்டுக்கு வாங்கின கைதட்டலை நினைச்சு கொஞ்சம் கூச்சமாவே இருந்தது.

அதனால என் கட்சி இதுதான். 26 பேருக்குச் சம்பளம் தர முடிஞ்சா தாங்க. முடியலைன்னா கையில இருக்கற மூணு பேருக்கு ஏத்த மாதிரி புதுசா எழுதுங்க. 26 பேர் இருக்கற மாதிரி பட்டனைத் தட்டி பாவ்லா காட்டறதை மட்டும் என்னால இனிமே ஒத்துக்க முடியலை. "டாயிலும் பள்ளத்துல இருந்தவங்க வேலையைத்தானே எடுத்தார்?"னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. 10 பேருக்குப் புதுசா எழுதினதால 16 பேருக்கு வேலை திரும்பக் கிடைச்சுடலை. அந்த இடத்துல என் வாதம் நொண்டுது, ஒத்துக்கறேன்.

"ரிகார்டிங்ல கேட்டா வித்தியாசமே தெரியாது மச்சி"ன்னு எங்க டிரம்மர் சொல்றான். ஹெட்ஃபோன்ல எனக்கும் தெரியலைதான். ஆனா வயலின்காரன் வில்லைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பான். அதைப் பார்த்து பாடறவங்களும் மூச்சு இழுப்பாங்க. என் பட்டன் மூச்சு விடாது.

இந்த வருஷமும் மிக்சர்ல அதே சேனல்தான், பட்ஜெட்டும் அதேதான். ரிதம் பேடை எடுத்துட்டு ஒரு கஹோன் வச்சிருக்கோம், ஒரு மைக் மிச்சமாச்சு. மூணாவது பாட்டை ஒரு வயலின், ஒரு கிட்டார், ஒரு குரலுக்கு அந்தத் தம்பியே ஹாஸ்டல்ல உட்கார்ந்து புதுசா எழுதிட்டான். அந்தப் பாட்டுல கீபோர்டு கிடையாது. நான் நாலாவது வரிசையில இருப்பேன், வீடியோ நான் எடுக்கறேன்.